எப்போதும் நூறு வீதம்

மேசையில் வைத்த போன் தொட்டில் போல ஆடியது கனவல்ல. நேற்றிரவு பிறிஜெற் கதிரையில் இருந்தபடியே, அதைக் கனவென்று நினைத்துக்கொண்டுதான் கண்ணயர்ந்தாள். விடிந்து பார்த்தால் போன் அப்படியே கிடந்தது. முதுகு உப்பி, திரை ஒரு பக்கம் எழும்பி, அந்த இடுக்கில் நகம் நுழையும் போலிருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது. சார்ஜர் வயர் இன்னும் அதில் செருகியபடியே இருந்தது. திரையில் நூறு வீதம் என்று காட்டியது.

"அம்மா, கையை எடுங்கோ."

லவினா வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றாள். சுவரில் சுவிட்சை நிறுத்தினாள், வயரைக் கழற்றினாள், ஒரு துவாயால் போனைப் பிடித்துக் கொண்டுபோய் பல்கனியின் வெறும் சீமெந்துத் தரையில் வைத்தாள்.

"பற்றறி ஊதியிருக்கு. இனி இதைச் சார்ஜில போடக் கூடாது. எரிஞ்சாலும் எரியும்."

"அப்பா கோல் எடுத்தால்?"

லவினா துவாயை உதறிக் கொடியில் போட்டாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடியில். பல்கனியில் நின்றால் கூரைகளுக்கு மேலே துறைமுகத்துக் கிரேன்களின் நுனிகள் தெரியும். பிறிஜெற்றின் கணவர் செபஸ்தியன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போன மாரியில் கப்பலேறியவர். கரை தெரிகிற இடத்தில் சிக்னல் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் எடுப்பார். அது எந்த நேரமாகவும் இருக்கலாம். கடைசியாகக் கதைத்தபோது, "ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, பிறகு எடுத்துச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அன்றிலிருந்து பிறிஜெற் பிளக்கை விட்டு நகரவில்லை. அதற்கு முன்னும் அவள் அப்படித்தான். நாட்டில் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்தில் ஒருநாள் போன் செத்துக் கிடந்தபோது செபஸ்தியன் எடுத்திருந்தார். அடுத்த அழைப்பு வர ஒரு மாதத்துக்கு மேலானது. அந்த மாதத்தில் பட்டது போதும் என்று, கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் அவள் போனைச் சார்ஜிலேயே விட்டாள். பகலில் மேசையில், இரவில் தலையணைக்குக் கீழே. தலையணைக்குள்ளிருந்து வருகிற அந்தச் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கிறார் என்ற நினைப்பில் தூக்கம் வரும்.

வயர் நீளத்துக்குள் அவளுடைய உலகம் சுருங்கியது. கதிரை பிளக்குக்குப் பக்கத்தில் வந்தது. மரக்கறி வெட்டுகிற பலகையும் வந்தது. கோயில் பாடகர் குழுவுக்குப் போவது நின்றது. சந்தைக்கு லவினா போனாள். மத்தியான வெயிலில் துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும்போது பிறிஜெற் பாதித் தூக்கத்தில் திரையைத் தொட்டுப் பார்ப்பாள். நூறு. பிறகு கண்ணை மூடுவாள்.

"நான் எத்தனை தரம் சொன்னனான்?" லவினா பல்கனி வாசலில் நின்று கேட்டாள். "எண்பதில கழட்டுங்கோ, தலையணைக்குக் கீழ வையாதேங்கோ எண்டு."

"எண்பது எண்டா இருபது குறையுதே, பிள்ளை."

"அந்த இருபது குறைஞ்சாத்தான் அது கன காலம் உழைக்கும்."

"உன்ட போனில எவ்வளவு நிக்குது?"

லவினா எடுத்துப் பார்த்தாள். ஒன்பது. அவளுடைய போன் எப்போதும் அந்த நிலைதான். சிவப்பு விழுந்த பிறகுதான் சார்ஜர் தேடுவாள். பல நாள் அதுவும் இல்லாமல் கையில் செத்த போனோடு வீட்டுக்கு வருவாள். அதனால்தான் செபஸ்தியன் மகளுக்கு எடுப்பதை விட்டு, தாய்க்கே எடுக்கத் தொடங்கினார்.

இருந்தாலும் அந்த ஒன்பது வீதத்தில் அவள் தகப்பனுக்கு ஒரு செய்தி போட்டாள். அம்மாட போன் பழுது, எடுக்கிறதெண்டால் எனக்கு எடுங்கோ. செய்தியின் கீழே ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை.

"நடுக்கடலில நிக்கிறார்," என்றாள் பிறிஜெற்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, லவினா தாயின் போனை நிறுத்தி, பருத்தித் துணியில் சுற்றி, வெறும் பிஸ்கட் டின் ஒன்றில் வைத்தாள். வெள்ளவத்தையில் தனஞ்சயன் என்றொருவன் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். அவளோடு பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தவன்.

"நீங்களும் வாங்கோ அம்மா."

"நான் எதுக்கு?"

"போனில்லாத வீட்டில இருந்து என்ன செய்யப் போறீங்கள்?"

பிறிஜெற் சேலை மாற்றினாள். படியிறங்கும்போது முழங்கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தெருவில் வெயில், பூக்கடை, மீன்காரரின் குரல் எல்லாம் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல மெல்ல அசைந்தன. பழக்கடைக்காரி ஒருத்தி, "எங்க அக்கா, ஊரில இல்லையோ இவ்வளவு நாளும்?" என்று கேட்டாள். பிறிஜெற் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறினார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் யன்னலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. கப்பல்காரன் பெண்சாதி என்று பேர், கடலை இவ்வளவு கிட்டப் பார்த்து எத்தனையோ காலம். அலை வந்து கல்லில் மோதி, வெள்ளையாகச் சிதறி, ரயிலோடு ஓடிவருவது போல ஓடிப் பின்தங்கியது. உப்புக் காற்று முகத்தில் பட்டது. பிறிஜெற் மடியில் பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அம்மா, நித்திரையோ?"

"இல்லை."

லவினாவின் போன் பம்பலப்பிட்டியில் செத்துப்போனது. அவள் அதைத் தாயிடம் சொல்லவில்லை.

தனஞ்சயனின் கடை காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவர் நிறைய போன் உறைகள். அவன் டின்னைத் திறந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"டின்னில கொண்டந்தது நல்லது. கைப்பையில போட்டு நசிஞ்சிருந்தா ஆபத்து." மெல்லத் திரையைக் கழற்றினான். உள்ளே பற்றறி வெள்ளித் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. "அன்ரி, இதை எப்பவும் சார்ஜிலயே வச்சிருந்தீங்களோ?"

"ஓம் தம்பி."

"நூறிலயே நிக்க விட்டா அதுக்குச் சரியான கஷ்டம். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி. அதோட சூடும் சேர்ந்தா உள்ளுக்க இருக்கிற ரசாயனம் பழுதாகி வாயு வரும். அதுதான் ஊதுறது." லவினா நீட்டிய போனையும் வாங்கிப் பார்த்தான். "இது மற்றக் கரை. பூச்சியத்துக்கு இறக்கி இறக்கி இதின்ட பற்றறியும் களைச்சுப்போச்சு. முப்பதில நிக்கேக்கை சட்டெண்டு செத்துப்போறேல்லையோ?"

"செத்துப்போகும்," என்றாள் லவினா.

"ரெண்டு பேரும் நடுவில சந்திச்சீங்களெண்டா ரெண்டு போனும் பிழைச்சிருக்கும். இருபதுக்குக் கீழ விடாமல், எண்பதுக்கு மேல ஏத்தாமல்."

பிறிஜெற்றுக்கு ஒரு கவலை மட்டும்தான். "தம்பி, பற்றறியை மாத்தினா அவர் அனுப்பினதெல்லாம் அழிஞ்சிடுமோ?"

"ஒண்டும் அழியாது அன்ரி. பற்றறி சோறு மாதிரி. ஞாபகம் வேற இடத்தில இருக்கு." புதுப் பற்றறி இன்னொரு கடையிலிருந்து வர வேண்டும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றான். லவினா தன் போனைச் சார்ஜில் போடக் கொடுத்தாள். அதன் வாயும் தேய்ந்திருந்ததால் வயர் பிடிக்கவில்லை. பிறகு பார்ப்பதாக அதையும் ஒரு பக்கம் வைத்தான்.

லவினாவுக்கு ஒரு சிநேகிதியைப் பார்க்க வேண்டியிருந்தது. பிறிஜெற் தனியாகவே மெரின் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டி, கடலோரக் கல் ஒன்றில் போய் இருந்தாள்.

மடியில் ஒன்றும் இல்லை. கை அடிக்கடி எதையோ தேடிப் போய், வெறும் சேலை மடிப்பைத் தொட்டுத் திரும்பியது. முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் ஒரு தூக்கம் வந்தது. கண் திறந்தபடியே வருகிற தூக்கம். கடல் வெயிலில் தகரம் போல மினுங்கியது. தூரத்தில் ஒரு கப்பல் நின்றதா நகர்ந்ததா என்று தெரியவில்லை. செபஸ்தியன் வெள்ளை ஏப்ரனோடு அதன் ஓரத்தில் நின்று வெங்காயத் தோலைக் கடலில் கொட்டுவதாக அவளுக்குத் தோன்றியது. தோல்கள் அலையில் மிதந்து மிதந்து அவளுடைய காலடிக்கு வந்தன.

"என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. நல்லா இருக்கிறம்."

இத்தனை வருஷமும் அவள் போனில் சொன்னது அந்த ஒரு வசனம்தான். நல்லா இருக்கிறம். லவினாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதுதான். வீட்டில் கூரை ஒழுகியபோதும் அதுதான். கடலில் இருக்கிற மனுஷனுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள். அவர் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் முடிந்து வருவார், கொஞ்ச நாள் இருப்பார், திரும்பக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். போக வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை.

ஒரு ரயில் பின்னால் கடந்து போனது. கல் அதிர்ந்தது. அந்த அதிர்வில் கப்பலும் வெங்காயத் தோலும் மறைந்து, கடல் மட்டும் மிச்சமிருந்தது. இன்றைக்கு அவர் எடுத்தால் சொல்லிவிட வேண்டும் என்று பிறிஜெற் நினைத்தாள். இனி ஏறாதேங்கோ. இரண்டு சொல்தானே. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கடல் காற்று சொல்லை உடனே எடுத்துக்கொண்டு போனது. இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

கடைக்குத் திரும்பியபோது லவினா அங்கே நின்றாள். தனஞ்சயன் புதுப் பற்றறியைப் பூட்டி, திரையை ஒட்டி, பட்டனை அழுத்தினான். போன் விழித்தது. விழித்த உடனேயே நடுங்கத் தொடங்கியது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தவறிய அழைப்புகள். எல்லாம் செபஸ்தியன்.

"கடவுளே," என்றாள் பிறிஜெற் மெல்ல. இத்தனை கால இடைவெளிக்குப் பிறகு, போன் இல்லாத இந்த ஒரு பகலில்.

அவள் திருப்பி எடுக்கத் தேவைப்படவில்லை. கையிலேயே மணி அடித்தது.

"பிறிஜெற்? உயிரோட இருக்கிறாயா?"

"இருக்கிறன். போன் பழுதாப் போச்சு. திருத்தத்தான் வந்தனாங்கள்."

"லவினாட போனும் வேலை செய்யேல்லை. ரெண்டு பேரும் இல்லையெண்டா நான் என்னத்தை நினைக்கிறது? ஒருநாளும் நீ எடுக்காமல் விட்டதில்லை. நான் பயந்திட்டன்."

அவருடைய குரலில் அந்தப் பயம் இன்னும் மூச்சாக இரைந்தது. பிறிஜெற் நெஞ்சில் கை வைத்தாள். சொல்ல வேண்டிய இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அப்போதுதான் அவருடைய குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

ஒரு மெல்லிய மணி இசை. தூரத்திலிருந்து கிட்ட வந்து, கடந்து, போனது. கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு பின்னேரமும் அவள் பல்கனியிலிருந்து கேட்கிற அதே இசை. பாண், பணிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கிற ஓட்டோவின் இசை. அதை அடுத்து ஒரு பஸ்ஸின் இரைச்சல், கோட்டைக்கு ஆள் கூப்பிடுகிற கண்டக்டரின் குரல்: "பம்பலப்பிட்டிய, கொள்ளுப்பிட்டிய, கொட்டுவ, கொட்டுவ."

எந்தக் கடலில் பாண் ஓட்டோ ஓடுகிறது?

"இஞ்சருங்கோ," என்றாள். "நீங்கள் எங்க நிக்கிறியள்?"

அந்தப் பக்கம் இன்னொரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"பிறிஜெற்," என்றார் கடைசியில். "நான் கப்பல்ல இல்லை."

"அது கேக்குது."

"இரத்மலானையில நிக்கிறன். காலி வீதியில, பஸ் ஹோல்ட்டில. நீங்கள் ரெண்டு பேரும் எடுக்கேல்லை எண்டவுடன உங்களிட்ட வரத்தான் வெளிக்கிட்டனான்."

"எப்ப வந்தனீங்கள்?"

"உயிர்த்த ஞாயிறுக்கு முன்னம்."

உயிர்த்த ஞாயிறன்று அவர் எடுத்திருந்தார். இங்க கடல் நல்ல அமைதி, நீங்கள் பூசைக்குப் போனீங்களோ என்று கேட்டார். பிறிஜெற் போன் சூட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஓம், நல்லா இருக்கிறம் என்று சொன்னாள். அவர் அப்போது ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார். காலையில் விழுந்த அந்த ஒற்றை டிக்கும் நடுக்கடலில் விழவில்லை. இரத்மலானையில், நிறுத்தி வைத்த ஒரு போனுக்காகக் காத்திருந்திருக்கிறது.

கோபம் வர வேண்டும். வருகிற வழியில் அது எங்கேயோ நின்றுவிட்டது. பிறிஜெற்றுக்கு உடம்பு மட்டும் மிதப்பது போலிருந்தது. தனஞ்சயன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை.

"ஏன் வீட்டை வரேல்லை?"

"சொல்லத்தான் நினைச்சனான். ஒவ்வொரு தரமும் எடுக்கிறது அதுக்குத்தான். நீ நல்லா இருக்கிறம் எண்டு சொன்னவுடன எனக்கு வாய் வராது."

"நான் ஒண்டு சொல்லோணும்," என்றாள் பிறிஜெற். "இனிக் கப்பல் ஏறாதேங்கோ."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. "இனி ஏத்தமாட்டினம் பிறிஜெற். லவினா பக்கத்திலயோ நிக்கிறாள்?"

"ஓம்."

"அவளுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. நான் வந்து…"

"நீங்கள் வரவேண்டாம். அங்கயே நில்லுங்கோ. நாங்கள் வாறம்."

வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். மறைப்பதற்கு அவளுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. "அப்பா இரத்மலானையில," என்றாள்.

லவினா தன் செத்த போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். "வாங்கோ," என்றாள்.

"அன்ரி, இன்னும் முழுக்க ஏறேல்லை, நாற்பதுதான்," என்றான் தனஞ்சயன் பின்னாலிருந்து. பிறிஜெற் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

காலி வீதியில் லவினா ஒரு ஓட்டோவை மறித்து, இரத்மலானைக்குப் போவோமா என்று சிங்களத்தில் கேட்டாள். "மல்லி, ரத்மலானட யமுத?" பொடியன் தலையசைத்தான். தெஹிவளை, கல்கிசை என்று கடைகளும் பெயர்ப்பலகைகளும் வெயிலில் உருகி உருகிப் பின்னால் போயின. ஒழுங்கைகளின் முனையில் கடல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது, யாரோ நீலக் கதவைத் திறந்து மூடுகிற மாதிரி. தாயும் மகளும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் பிடித்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

"வேற ஆரும் இருப்பினமோ அம்மா?" லவினா ஒரே ஒருமுறை கேட்டாள்.

"தெரியாது பிள்ளை."

அதையும் பிறிஜெற் யோசித்துத்தான் இருந்தாள். இன்னொரு வீடு, இன்னொரு பெண், இன்னொரு கொடியில் காய்கிற அவருடைய சாரம். அந்தப் படம் மனதில் வந்து நிற்கவில்லை. செபஸ்தியன் சிரித்த அந்த அழுகை அதை நிற்க விடவில்லை.

பஸ் ஹோல்ட்டுக்குக் கொஞ்சம் முன்னமே அவரைக் கண்டாள். கூரை நிழலின் விளிம்பில், ஒரு கையால் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். தலைமயிர் வெள்ளை ஏறியிருந்தது. சேட்டு சுத்தமாக இருந்தது, ஆனால் பொத்தான்கள் ஒன்று தவறி மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

ஓட்டோ நின்றது. பிறிஜெற் இறங்கி, அவர் நிற்கிற திசையில் கையை உயர்த்தினாள். அவர் நேரே இவளைத்தான் பார்த்தார். கை காட்டவில்லை. கடலைப் பார்க்கிற மாதிரி இவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் கிட்ட நடந்தாள். தார் வீதி சூட்டில் அலை அலையாக நெளிந்தது. தன் செருப்புச் சத்தம் வேறு யாரோ நடந்து வருகிற சத்தமாகக் கேட்டது. ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். அவருடைய கண்களின் மேல் பாலாடை போல ஒன்று படர்ந்திருந்தது. ஒரு பக்கத்துப் புருவம் இல்லை. அந்த இடத்தில் நெருப்புப் பட்ட தோல் சுருங்கி, இளஞ்சிவப்பாக, புதிதாக இருந்தது.

"அப்பா," என்றாள் லவினா பின்னாலிருந்து.

செபஸ்தியன் சட்டென்று முகத்தை அந்தக் குரல் வந்த பக்கம் திருப்பினார். முகம் முழுக்க மலர்ந்தது. தூணை விட்டுவிட்டுக் கையைக் காற்றில் நீட்டினார்.

"லவினா," என்றார். "அம்மா எங்க பிள்ளை? அவள் வரேல்லையோ?"

பிறிஜெற் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.